வளரும் பிள்ளையும் சர்க்கரை நோயும்



நம் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது எங்கள் வகுப்பில் ரோபோ, சூரிய சக்தி, செயற்கை நுண்ணறிவு என்று ஆளுக்கொரு தலைப்பை எடுத்துக்கொண்டார்கள். நான் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் ஒரு நோட்டைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அது என் தம்பியின் சுகர் நோட்டு. அந்த நோட்டு எங்கள் வீட்டை ஒரு தடவை கவிழ்த்துப் போட்டது, பிறகு நிமிர்த்தியும் வைத்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் அப்பா கொத்தனார். அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஆகவே ஆஸ்பத்திரியில் கொடுக்கும் எந்தக் காகிதத்தையும் படித்துச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. நான் படித்ததையும், படிக்காமல் பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

சின்னப் பிள்ளைக்கும் சுகர் வருமா?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். வரும்!

என் தம்பிக்கு 11 வயதில் வந்தது. ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். ராத்திரி நாலைந்து தடவை எழுந்து வெளியே போனான். பாயை நனைத்தான். நன்றாகச் சாப்பிட்டும் ஒரே மாதத்தில் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. "வளர்ற பிள்ளை, அப்படித்தான் மெலிவான்" என்றார்கள். "கண்ணுபட்டிருக்கு" என்று மந்திரித்துக் கயிறும் கட்டினோம். ஒரு நாள் வாந்தி எடுத்தான். மூச்சு வேகவேகமாக இறைத்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தால் சுகர் 500-க்கு மேல்! இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் கட்டுரை எழுதும் நிலையில் நான் இருந்திருக்க மாட்டேன்.

பெரியவர்களுக்கு வருவது பெரும்பாலும் இரண்டாம் வகை. அவர்கள் உடம்பில் இன்சுலின் சுரக்கும், ஆனால் சரியாக வேலை செய்யாது, போகப்போகக் குறையும். பிள்ளைகளுக்கு அதிகமாக வருவது முதல் வகை, அதாவது டைப் 1. நோய்க்கிருமியை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் காவல்படையே தவறாகப் புரிந்துகொண்டு, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. மிட்டாய் தின்றதால் வருவதில்லை. அம்மா அப்பா செய்த தப்பினாலும் வருவதில்லை. இதை எங்கள் அம்மாவுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. "கேட்டப்பல்லாம் பிஸ்கட் வாங்கிக் குடுத்தேனே" என்று அழுதுகொண்டே இருப்பார்.

இன்சுலின் இல்லாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை நிறைய இருந்தும் செல்களுக்குள் போகாது. பசியில் வாடும் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அப்போது கீட்டோன் என்ற அமிலப் பொருள் ரத்தத்தில் சேரும். வாந்தி, வயிற்றுவலி, வேக மூச்சு, மயக்கம் எல்லாம் அதனால்தான். இது உயிரைப் பறிக்கும் நிலை.

இன்சுலின் வந்த கதை

ஒரு காலத்தில் இந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைத்ததே இல்லை. பட்டினி போட்டுச் சில மாதங்களைக் கூட்டிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். 1921-ல் கனடாவின் டொரண்டோ நகரில் பேன்டிங், பெஸ்ட் என்ற இருவர், மக்லியோட் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் நாய்களின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். காலிப் என்பவர் அதைச் சுத்தப்படுத்தும் வழியைக் கண்டார். 1922 ஜனவரியில் முதல் ஊசி போட்டுக்கொண்டவன் லியோனார்ட் தாம்சன். வயது 14. முதல் ஊசி சரிப்படவில்லை. பன்னிரண்டு நாள் கழித்துச் சுத்தப்படுத்திய மருந்தைப் போட்டார்கள், தேறினான். சாகக் கிடந்த அந்தப் பையன் அதற்குப் பிறகு 13 ஆண்டுகள் வாழ்ந்தான். 1923-ல் பேன்டிங்குக்கும் மக்லியோடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மருந்தின் உரிமையைப் பணத்துக்கு விற்காமல், பெயருக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்!

பேன்டிங் பிறந்த நாள் நவம்பர் 14. அதுவே உலக நீரிழிவு நாள். நம் நாட்டில் குழந்தைகள் தினமும் அன்றுதான். பொருத்தமான நாள் என்று எனக்குத் தோன்றும்.

மிதவை அறுந்த தொட்டி

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் படிப்பதால் அப்பாவுக்கு இப்படிச் சொல்லிப் புரியவைத்தேன். "மொட்டைமாடித் தொட்டியில மிதவை வால்வு இருக்குல்லப்பா? தண்ணி ஏறினா தானா மூடிக்கிடும், இறங்கினா தானா திறந்துக்கிடும். நம்ம எல்லாருக்கும் உள்ளுக்குள்ள அப்படி ஒண்ணு இருக்கு. தம்பிக்கு அது அறுந்துபோச்சு. இனிமே யாராவது ஒருத்தர் தொட்டிகிட்ட நின்னு, எட்டிப் பார்த்து, கையால திறந்து மூடணும். ஆயுசுக்கும்."

அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "அப்போ ரெண்டு பேரு ஒரே வால்வைத் திருப்பினா?" என்று கேட்டார். அதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான கேள்வி.

அம்மாவும் ஊசி போட்டு, அது தெரியாமல் தம்பியும் போட்டுக்கொண்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும். அம்மா போட்டிருப்பார் என்று தம்பியும், தம்பி போட்டிருப்பான் என்று அம்மாவும் நினைத்துக்கொண்டால் ஏறிவிடும். இரண்டுமே எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இன்சுலின் சுவிட்சைப் போட்டதும் எரியும் பல்பு இல்லை. சாப்பாட்டுக்கு முன் போடும் சாதாரண ரெகுலர் இன்சுலின் வேலையைத் தொடங்கவே அரை மணி நேரம் ஆகும், உச்சத்துக்கு வர 2 முதல் 4 மணி நேரம். அதற்குள் பொறுமை இழந்து இன்னொரு ஊசி போட்டால் இரண்டும் ஒன்று சேர்ந்து கீழே தள்ளிவிடும். பயந்துபோய் நிறையத் தின்றால் மறுபடி மேலே போகும். எங்கள் பாடத்தில் இதற்கு 'ஹன்ட்டிங்' என்று பெயர். கட்டுப்படுத்தும் கருவி அவசரப்பட்டால் அளவு மேலும் கீழும் ஊசலாடிக்கொண்டே இருக்கும். வீட்டிலும் அதே விதிதான்.

13 வயதில் ஏன் சிக்கல்?

முதல் இரண்டு வருஷம் அம்மாவே எல்லாம் செய்தார். தம்பிக்கு 13 ஆனதும் கணக்குத் தப்ப ஆரம்பித்தது. காரணம் இரண்டு.

முதல் காரணம் உடம்பு. பருவ வயதில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன்களும் மற்ற ஹார்மோன்களும் இன்சுலினை எதிர்த்து வேலை செய்யும். நேற்று வரை போதுமாக இருந்த அளவு இன்று போதாது. பிள்ளை ஒழுங்காக இருந்தாலும் எண் ஏறும். டாக்டரிடம் சொல்லி அளவைக் கூட்ட வேண்டியது வரும். இது தெரியாத பெற்றோர் "திருட்டுத்தனமா தின்னிருப்பான்" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

இரண்டாவது காரணம் மனசு. அந்த வயதில் எவனுக்கும் அம்மா பின்னாலேயே வருவது பிடிக்காது. தம்பிக்கு மத்தியான ஊசி பள்ளிக்கூடத்தில் போட வேண்டும். கூட்டாளிகள் பார்த்துவிடுவார்கள் என்று கழிப்பறைக்குள் போய்ப் போட்டுக்கொண்டான். பிறகு அதையும் விட்டுவிட்டான். எங்களுக்குத் தெரியாது.

நோட்டில் எழுதிய பொய்

அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் எண்கள் நன்றாகத் தெரியும். வேலை முடிந்து வந்ததும் முதலில் நோட்டைத்தான் பார்ப்பார். 250 என்று இருந்தால் "என்னத்தலே தின்ன?" என்று கத்துவார். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுவார்.

திடீரென்று நோட்டில் எண்கள் அழகாகிவிட்டன. 130, 145, 138... அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். எந்த மீட்டரும் இவ்வளவு ஒழுங்காக ரீடிங் காட்டாதே! ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி குளுக்கோமீட்டரின் மெமரியை எடுத்துப் பார்த்தேன். 287, 312, 264. சில நாட்களில் சோதனையே செய்யவில்லை.

அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் சொன்ன பதிலை நான் மறக்கவே மாட்டேன்.

"இருநூத்தம்பதுன்னு எழுதினா அம்மா ராத்திரி பூரா அழுறாக்கா. நூத்தி நாப்பதுன்னு எழுதினா நிம்மதியாத் தூங்குறா. தூங்கட்டும்னுதான் எழுதினேன்."

அம்மாவிடம் சொல்லாதே என்று கையைப் பிடித்துக்கொண்டான். எனக்குச் செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. "இனிமே ஒழுங்கா இரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். ஒன்பதாவது நாள் அவனுக்குக் காய்ச்சல் வந்து, வாந்தி வந்து, மறுபடியும் அந்த வேக மூச்சு வந்தது. நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். அந்த ஒன்பது நாள் வாய் மூடி இருந்தது என் தப்பு. அதை மறைத்துவிட்டு மற்றவர்களுக்கு அறிவுரை எழுத எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

வார்டில் இருந்த டாக்டரம்மா எங்கள் நான்கு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினார். "பையன் பெரியவனாயிட்டான்னு மொத்தமா விட்டுறாதீங்க. சின்னப் பையன்னு மொத்தமாப் பிடிச்சுக்கவும் செய்யாதீங்க. கொஞ்சம் கொஞ்சமாக் கைமாத்துங்க" என்றார். பெற்றோர் ஆதரவாகக் கூட இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் இந்த வயதில் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது என்றும், கண்டிப்பும் சண்டையும் அதிகமானால் கட்டுப்பாடு கெடுகிறது என்றும் விளக்கினார். அதற்குப் பிறகு நாங்கள் செய்தவை இவை.

1. எண் என்பது மார்க் இல்லை. 300 வந்தால் "என்ன தின்ன?" என்று கேட்பதை நிறுத்தினோம். "இப்ப என்ன பண்ணலாம்?" என்பதுதான் முதல் கேள்வி. உண்மையான எண்ணை எழுதினால் திட்டு கிடையாது என்று அம்மா வாக்குக் கொடுத்தார். முதல் சில வாரம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார்!

2. வேலைப் பங்கீடு. விரலில் குத்திப் பார்ப்பது, மருந்தை ஏற்றுவது, போட்டுக்கொள்வது தம்பி. சிரிஞ்சில் அளவு சரியா என்று பார்ப்பது அம்மா. மருந்து வாங்குவதும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வேலைக்கு லீவு போட்டுக் கூட்டிப்போவதும் அப்பா. ஞாயிறுதோறும் மீட்டர் மெமரியையும் நோட்டையும் தம்பியோடு உட்கார்ந்து ஒத்துப்பார்ப்பது நான். அவன் இல்லாமல் பார்ப்பதில்லை. அது வேவு பார்ப்பது ஆகிவிடும்.

3. போட்டதும் டிக். ஊசி போட்ட கையோடு சுவரில் தொங்கும் காலண்டரில் குறி போட வேண்டும். குறி இருந்தால் போட்டாகிவிட்டது. சந்தேகமாக இருந்தால் மறுபடி போடக் கூடாது, முதலில் சோதனை செய்ய வேண்டும்.

4. மாதம் ஒரு ஞாயிறு லீவு. ஒரு நாள் தம்பி "எனக்கு மட்டும் ஒரு நாள் கூட லீவே கிடையாதா?" என்று கேட்டான். ஊசிக்கு லீவு விட முடியாது. ஆனால் அதை நினைத்துக்கொண்டே இருப்பதற்கு லீவு விடலாமே? அன்று முழுக்க அம்மாதான் குத்துவார், கணக்குப் பார்ப்பார், போடுவார். அவன் கையை மட்டும் நீட்டுவான்.

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

ரத்த சர்க்கரை 70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. கை நடுங்கும், வியர்க்கும், பசிக்கும், பேச்சு குழறும், காரணம் இல்லாமல் கோபம் வரும். உடனே 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்த்து, ஏறாவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டும். சாக்லேட் கொடுப்பது சரியில்லை, அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். ஓடியாடி விளையாடிய நாளில் பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில்கூட இறங்கலாம்.

காய்ச்சல், வாந்தி என்றால் "சாப்பிடவே இல்லையே" என்று இன்சுலினை நிறுத்தவே கூடாது! காய்ச்சலில் தேவை பெரும்பாலும் கூடத்தான் செய்யும். அடிக்கடி சோதனை செய்து, சிறுநீரில் கீட்டோன் பார்த்து, டாக்டரைக் கேட்டு அளவை மாற்ற வேண்டும். வாந்தி நிற்கவில்லை, மூச்சு இறைக்கிறது என்றால் உடனே ஆஸ்பத்திரி.

நம் ஊரில் கிடைக்கும் குப்பி மருந்து பெரும்பாலும் 1 மில்லியில் 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஏற்றினால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்! ஒரே இடத்தில் போட்டால் தோலுக்கடியில் கட்டி விழுந்து மருந்து சரியாகப் பிடிக்காது. வயிறு, தொடை என்று இடம் மாற்றிப் போட வேண்டும்.

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. பெரிய மண்பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னப் பானை வைத்து, மருந்தை நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு நிழலில் வைக்கிறோம். திறந்த குப்பியைப் பொதுவாக 28 நாளுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. திறந்த தேதியை அதிலேயே எழுதிவிடுவோம். ஃபிரிட்ஜ் உள்ளவர்கள் கவனத்துக்கு: உறைந்துபோன இன்சுலின் உதவாது. ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. எங்களிடமும் ஒருவர் வந்தார். "இந்தப் பொடியைச் சாப்பிட்டா ஊசியே வேண்டாம்" என்றார். டைப் 1-ல் இன்சுலினை நிறுத்துவது தொட்டிக்குப் போகும் குழாயையே வெட்டுவதற்குச் சமம். ஏமாந்துவிடாதீர்கள்.

பள்ளிக்கூடமும் கூட்டாளிகளும்

தம்பியின் வகுப்பாசிரியரிடம் நானும் அப்பாவும் போய் விளக்கினோம். கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் தடையில்லை, ஆசிரியர் அறையில் ஊசி போட்டுக்கொள்ளலாம், பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டார். சி.பி.எஸ்.இ. 2017-லேயே டைப் 1 மாணவர்கள் தேர்வு அறைக்குத் தின்பண்டமும் மாத்திரையும் எடுத்துப்போக அனுமதி அளித்தது. கூச்சப்படாமல் கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் உதவுகிறார்கள். நெருங்கிய கூட்டாளிகள் இரண்டு பேருக்குத் தாழ்சர்க்கரை வந்தால் என்ன செய்வது என்று தம்பியே சொல்லிக் கொடுத்தான். இப்போது கழிப்பறைக்குள் போய் ஊசி போடுவதில்லை.

அவனுக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். பாகிஸ்தான் வேகப்பந்து வீச்சாளர் வாசிம் அக்ரமுக்கு 1997-ல் இந்த நோய் இருப்பது தெரிந்தது. அதற்குப் பிறகும் விளையாடி, 2003 உலகக் கோப்பையில் ஒருநாள் ஆட்டங்களில் 500 விக்கெட் எடுத்த முதல் வீரர் ஆனார். இந்த ஒரு செய்தி, நான் சொன்ன ஆயிரம் அறிவுரைகளை விட அவனுக்கு அதிகம் உதவியது.

பெண் பிள்ளைகளுக்கு வந்தால் "நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று வீட்டிலேயே மறைக்கிறார்கள். மறைத்து மறைத்து மத்தியான ஊசி தவறிப்போகிறது. தயவுசெய்து மறைக்காதீர்கள். தெரிந்தவர்கள் நாலு பேர் இருப்பதுதான் அந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பு.

முடிவாக...

உடம்பில் ஒட்டிக்கொண்டு தொடர்ந்து அளக்கும் சென்சாரும், அதைப் பார்த்துத் தானே இன்சுலின் செலுத்தும் பம்பும் வந்துவிட்டன. நாம் வகுப்பில் படிக்கும் மூடிய சுற்றுக் கட்டுப்பாடு அதேதான். எங்களைப் போன்றவர்களுக்கு அதன் விலை எட்டாத உயரம். அந்த விலையைக் குறைக்கும் வேலையை நம்மில் யாராவது ஒருவர் செய்யக் கூடாதா? அதுவரை எங்கள் வீட்டில் பம்பும் சென்சாரும் நாங்கள் நான்கு பேர்தான்.

தம்பிக்கு இப்போது 14 வயது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 7 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும் என்பது பொதுவான இலக்கு. தம்பிக்கு 11-க்கு மேல் இருந்தது, கடைசியாகப் பார்த்தபோது 8.1. இன்னும் போக வேண்டும்.

போன வாரம் நோட்டில் இப்படி எழுதியிருந்தான்: "243. கல்யாண வீட்டில் லட்டு. ஒன்று இல்லை, இரண்டு." அம்மா எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறான் என்று என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவனைப் பார்த்து, "அடுத்த தடவை சொல்லிட்டுத் தின்னு, ஊசியக் கணக்குப் பண்ணிப் போடுவோம்" என்றார்.

அன்று ராத்திரி அம்மா அழவில்லை. தூங்கினார்.

உங்கள் தெருவிலோ உறவிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் இந்தப் பக்கங்களைப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரிந்தவர்கள் நாம்தானே!



- மூன்றாம் ஆண்டு மாணவி,
இன்ஸ்ட்ருமென்டேஷன் துறை